ஒன்பது புள்ளி மூன்று

செம்மேடு
5 பிப்ரவரி 2025

அருள்மொழிக்கு,

இன்று காலை முதல் வேலையாகச் சமையல்கூடத்துக் குப்பைப் பையைத் தரையில் கவிழ்த்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. கேரட் தோல், வெங்காயச் சருகு, பிழிந்த எலுமிச்சை மூடிகள் எல்லாவற்றையும் குச்சியால் விலக்கிப் பார்த்தேன். அடியில் ஆறு மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஆறும் காலி. பின்பக்கம் திருப்பிப் படித்தேன். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரை.

நீ சந்தோஷப்படலாம்.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து எழுதுகிறாய், அதில் நலமா என்ற ஒரு சொல் இல்லை. "உங்கள் சாமை காய்கறி சாலட்டில் நூறு கிராமுக்குப் பதினொரு மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இது இயற்கையாக வர வாய்ப்பில்லை. யாரோ மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள். நீயா?" அவ்வளவுதான். சேலத்தில் எத்தனையோ ஆய்வகங்கள் இருக்க, நான் அனுப்பிய டப்பா நீ வேலை பார்க்கும் இடத்துக்கு, அதிலும் உன் மேசைக்கு வந்தது என் நேரம். படிவத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே பழைய வழக்கை எடுத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். கல்லூரி இறுதி ஆண்டில் என் செய்முறைக் குறிப்பேட்டைப் பேராசிரியரிடம் கொண்டுபோய், "இவள் அளவுகளைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள்" என்று சொன்னவள் அல்லவா நீ.

இல்லை, நான் கலக்கவில்லை. ஆனால் கலந்திருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான்.

இந்தச் சமையல்கூடத்தில் நாங்கள் மூவர். நான், சுப்பம்மாள், அவருடைய மருமகள் கலைச்செல்வி. சுப்பக்கா ஆலத்தூர் நாட்டுக்காரர்; இந்த மலையில் ஊர்க் கூட்டத்தை நாடு என்பார்கள். சாமையை உரலில் குத்திப் புடைத்துத் தருவது அவர். கலை காய் நறுக்குவாள். சாமையை வேகவைத்து ஆறவைத்து, அவித்த மொச்சை, கேரட், வெள்ளரி, வெங்காயம் போட்டு, மிளகைத் தட்டித் தூவி, எலுமிச்சை பிழிந்து டப்பாவில் அடைப்பது நான். சுப்பக்காவுக்கு இந்தப் பண்டத்தின் மேல் மரியாதை கிடையாது. "ஆறிப்போன சோத்துக்குப் பேண்ட் சட்ட மாட்டி உட்டா சாலட்டுங்களா?" என்பார். ஆனால் சந்தையில் அவர்தான் அதிகம் விற்பார்.

அடிவாரத்தில் ஒரு பெண்கள் விடுதி தினமும் நூற்றைம்பது டப்பா கேட்கிறது. விடுதி மேலாளர் அர்த்தனாரிக்கு ஒரே நிபந்தனை, எங்கள் லேபிளில் உள்ள இரும்புச் சத்து அளவுக்கு ஆய்வக அறிக்கை வேண்டும். அந்த ஆர்டர் வந்தால் டப்பாக்களைக் கீழே கொண்டுபோக வண்டி ஓட்ட ஆள் தேவை. சுப்பக்காவின் மகன் கோகுல் திருப்பூரை விட்டுவிட்டு வந்துவிடலாம். கலைக்கு இது ஆறாவது மாதம். கணவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்குத்தான் ஆசை இருக்காது? மாத்திரையும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் கூசிக்கொண்டே எழுதிவிட்டேன்.

யார் உதவியும் இல்லாமல் நான் மட்டும் தயாரித்த ஒரு டப்பாவை அடுத்த வாரம் அனுப்புகிறேன். அதையும் சோதித்துப் பார்.

மேகலா


சேலம்
8 பிப்ரவரி 2025

மேகலா,

இதை ஆய்வகத்துத் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனி. வாடிக்கையாளர்களுடன் நாங்கள் போனில் பேசக்கூடாது, வாட்ஸப்பில் தொடர்பு வைக்கக்கூடாது என்று விதி. கடிதத்தைப் பற்றி விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்வரை எழுதலாம்.

நலமா என்று கேட்காதது தவறுதான். கேட்டால் நீ நம்பியிருக்க மாட்டாய்.

நாங்கள் செய்வது இதுதான். உன் சாலட்டை அரைத்து, காயவைத்து, எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்தில் கரைத்து, கரைசலில் எவ்வளவு இரும்பு என்று கருவியில் பார்ப்போம். கருவிக்கு இரும்பு தெரியும். அது மொச்சையிலிருந்து வந்ததா, மாத்திரையிலிருந்து வந்ததா என்று தெரியாது. அதனால்தான் உன்னைக் கேட்டேன். பதினொன்று என்ற எண்ணை மூன்று முறை திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் கேட்டேன். நீ போட்ட பொருள்களை வைத்துக் கணக்கிட்டால் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைதான் வர வேண்டும்.

இப்போது நான் கேட்கிறேன். உன் லேபிளில் இரும்பு 9.3 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறாய். சோதனைக்கு அனுப்பும் முன்பே இந்த எண் உனக்கு எங்கிருந்து கிடைத்தது?

இன்னொன்று. உங்கள் அர்த்தனாரி எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். "நம்பர் நல்லா வந்திருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டாராம். சோதனைக்குக் கொடுத்தது நீ, விசாரிப்பது அவர். நீ அவரைக் கேட்கச் சொன்னாயா? சொல்லியிருந்தால் இப்போதே சொல்லிவிடு. என் கையெழுத்தோடு போகும் அறிக்கை இது. பதினாறு வருடமாக அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

இந்த மாதம் இருபத்தெட்டு வரை நிறுத்திவைக்கிறேன். அதற்கு மேல் எங்கள் ஆய்வக மேலாளர் விடமாட்டார்.

அருள்மொழி


செம்மேடு
12 பிப்ரவரி 2025

அருள்மொழி,

அர்த்தனாரியை நான் எதையும் கேட்கச் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

இரண்டாவது டப்பா இந்தக் கடிதத்தோடு வருகிறது. சேலம் பஸ் கண்டக்டரிடம் ஐஸ் வைத்துக் கொடுத்திருக்கிறேன். சுப்பக்காவிடம் சாமை கேட்கக்கூடாது என்பதற்காகக் கடையில் மில் சாமை வாங்கினேன். மற்றதெல்லாம் அதேதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். என் சமையல்கூடத்தில் நானே திருடி மாதிரி.

மூன்று நாள் அவர்கள் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையில் ஏதாவது முடிச்சு இருக்கிறதா, மிளகு தட்டும் அம்மியில் சிவப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கலை ஒருமுறை இடுப்பிலிருந்து எதையோ எடுத்ததும் எட்டிப் பார்த்தேன். ஹேர்பின்.

நேற்று சுப்பக்கா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங் கண்ணு, மூணு நாளா என்ற கையவே பாக்கறீங்க. வைர மோதரமா போட்டிருக்கறேன்?"

கலை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஆறு அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சாலட்டுல யாரோ மாத்திரையப் பொடிச்சுப் போட்டிருக்காங்களாம் சுப்பக்கா. சேலத்துல கண்டுபிடிச்சுட்டாங்க."

அவர் அட்டைகளைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். அந்த வரிசை என் மனதில் அப்படியே நிற்கிறது.

"என்ற மருமவ மாத்திரைய நான் எதுக்குங்க சோத்துல போடறேன்? அவ வவுத்துல இருக்கறது என்ற பேரப்புள்ள. அது வாயில இருக்கறதப் புடுங்கி ஊரான் வாயில போடுவனா?"

"அப்ப இது எப்படிங்க குப்பைக்கு வந்துச்சு?"

"மத்தியானச் சோறு தின்னுட்டு இங்கதான் போட்டுக்கறா. அட்ட வேற எங்க போகும்? கலை, சொல்லு சாமி."

கலை கத்தியை எடுத்துக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவி வைத்த கத்தி.

மாத்திரையை அவள் சாப்பிட்டிருந்தால் வாய் திறந்து சொல்வதற்கு என்ன? நான் அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். "ஆர்டர் வரணும்னு ஆசப்பட்டது தப்பில்லீங்க, ஆனா இப்பிடி" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. சுப்பக்கா எழுந்து மூலையில் சாத்தியிருந்த உலக்கையைத் தோளில் வைத்தார்.

"ஒலக்க என்றது. எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு இதையும் நாந்தான் திருடினேன்னு சொல்லிப்போடுவீங்க."

இருவரும் போய்விட்டார்கள். இன்று நான் ஒருத்தியே காய் நறுக்கினேன். இருபது டப்பாதான் ஆயிற்று.

9.3 என்ற எண்ணைக் கேட்டாய். அது சாமைக்கு நம் கல்லூரிப் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் லேபிள் எழுதினேன். இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

மேகலா


சேலம்
15 பிப்ரவரி 2025

மேகலா,

நீ நினைத்ததைத்தான் நினைத்தேன். மறைக்க மாட்டேன். ஆனால் அதைப் பிறகு பேசலாம்.

இரண்டாவது டப்பாவில் இரும்பு ஒன்று புள்ளி ஒன்று. முதலாவதில் பதினொன்று. நீ தனியாகச் செய்ததும் எண் இறங்கிவிட்டது. இத்துடன் நிறுத்தியிருந்தால் உன் சந்தேகம் சரி என்று எழுதி அனுப்பியிருப்பேன். ஓர் இரவு முழுதும் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

பிறகு ஒன்று உறுத்தியது. நீ சொன்ன அந்த மாத்திரையில் இரும்பு மட்டும் இல்லை, ஃபோலிக் அமிலமும் சேர்ந்துதான் இருக்கும். மாத்திரையைப் பொடித்துப் போட்டால் இரண்டும் ஏற வேண்டும். முதல் டப்பாவின் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதையும் சோதித்தேன். ஃபோலிக் அமிலம் ஏறவில்லை. காய்கறியில் இருக்க வேண்டிய அளவுதான்.

மாத்திரை இல்லை, மேகலா. உன் சாலட்டில் யாரும் மாத்திரை போடவில்லை.

மிச்சத்தைத் தண்ணீரில் அலசி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாமையின் இடையே கறுப்பாகச் சில துகள்கள் தெரிந்தன. மிளகு என்று முதலில் நினைத்தேன். மிளகு மிதந்தது, இவை அடியில் தங்கின.

இரண்டு டப்பாவுக்கும் இடையில் என்னென்ன மாறியது? பாத்திரம், தண்ணீர், கத்தி எல்லாவற்றையும் யோசி. சாமை மாறியது என்று நீயே எழுதியிருக்கிறாய். உன்னிடம் குத்திய சாமை மீதம் இருந்தால் ஒரு காந்தத்தை அதில் விட்டுப் பார்.

உன் புத்தகத்தைப் பற்றி. நாம் படித்தபோது சாமைக்கு ஒன்பது என்று போட்டிருந்தது உண்மை. இப்போது நாங்கள் பயன்படுத்தும் அட்டவணையில் ஒன்றேகால்தான். அதுவும் நூறு கிராம் பச்சைத் தானியத்துக்கு. வேகவைத்தால் தண்ணீர் ஏறி எடை பெருகும், அதே நூறு கிராமில் இன்னும் குறையும். நீயோ தானியத்தின் எண்ணை அப்படியே தூக்கிச் சமைத்த சாலட்டுக்கு வைத்திருக்கிறாய். முதலாண்டு மாணவி செய்யும் தவறு இது.

என் தவறையும் எழுதிவிடுகிறேன். நான் உன்னிடம் யார் கலந்தது என்று கேட்டேன். எது கலந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

அருள்மொழி


செம்மேடு
19 பிப்ரவரி 2025

அருள்,

பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தேன். சுப்பக்கா குத்தி வைத்துவிட்டுப் போன சாமை அரை டின் இருந்தது. கையால் அளைவது போலக் காந்தத்தை அதற்குள் அளைந்தேன். வெளியே எடுத்தபோது அதன் விளிம்பில் மீசை முளைத்திருந்தது. கறுப்பாக, மெல்லியதாக, எழுந்து நின்றது. நான் அதைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். மறுபடி முளைத்தது.

உடனே பஸ் ஏறி ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன். சுப்பக்கா வாசலில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க படிச்சவங்க கண்ணு. சந்தேகப்படறதுன்னாக்கூட ரிப்போர்ட்டு வாங்கித்தான் படறீங்க. எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். மூஞ்சியப் பாத்தே பட்டுக்குவோம்."

உலக்கையைக் கேட்டேன். அடியில் உள்ள இரும்புப் பூண் புதிது. "மார்கழில ராசப்பன் பட்டறையில போட்டதுங்க. பழசு கழண்டுபோச்சு. கல்லுல இடிபட்டுக் கொஞ்ச நாளு சாம கருகருன்னு வந்துச்சு. பொடச்சா போயிருமுன்னு உட்டுட்டேன்" என்றார். பூணின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், அரம் போலச் சொரசொரப்பு. உரலில் குத்திய சாமை என்று லேபிளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் கீழே உள்ளவர்கள் வாங்குகிறார்கள். நான் அவர்களுக்குச் சத்து என்று கொடுத்தது பட்டறைத் தூள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்திருக்கலாம்.

நான் கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரை சாலட்டில் இல்லை. அப்படியானால் ஆறு அட்டை மாத்திரையும் எங்கே போயிற்று?

கலை உள்ளே படுத்திருந்தாள். பகல் பதினொரு மணிக்கு. அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. மூன்று நாள் அவள் கையையே பார்த்தேனே, முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

"மாத்திரைய என்ன கண்ணு பண்ணுன?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பைப்படியில கொட்டிட்டேனுங்கக்கா."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா. அதத் தின்னா வவுறு கல்லாட்ட இறுகிக்குது, கொமட்டுது. அத்த ஊட்டுல எண்ணிப் பாப்பாங்க. அதான் அங்க கொண்டாந்து கொட்டிட்டு, அட்டைய மட்டும் சேத்து வெச்சு மொத்தமாக் குப்பையில போட்டேன்."

"எதுக்கு அன்னைக்கே சொல்லல?"

"அத்த முன்னாடி எப்பிடிச் சொல்றது? அதுமில்லாம தப்புன்னு எனக்குத் தோணலீங்க. நீங்கதான் சந்தையில மைக்குல சொன்னீங்க. ஒரு டப்பா தின்னா ஒரு மாத்திர போட்ட மாதிரின்னு. நாந் தெனமும் ரெண்டு டப்பா தின்னேன்."

அருள், நான் சொன்னேன். விற்பனைக்காகச் சிரித்துக்கொண்டே சொன்னேன். எத்தனை சந்தையில் சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

சுப்பக்கா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மருமகளின் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டு, "எந்திரி சாமி, நர்சம்மாகிட்டப் போலாம்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு. ஐப்பசியில் பத்தரைக்கு மேல் இருந்தது. நரம்பில் இரும்பு மருந்து ஏற்ற வேண்டும் என்று நாமக்கல் அனுப்பியிருக்கிறார்கள். நானும் கூடப் போய்விட்டு இன்று காலைதான் திரும்பினேன். குழந்தை எடை குறைவாக இருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் நாள் இருக்கிறது, தேறிவிடலாம் என்றும் சொன்னார். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சுப்பக்கா நாலு பேரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதுவும் எழுத வேண்டும். அன்று நீ பேராசிரியரிடம் சொன்னது உண்மை. நான் அளவுகளைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். செய்முறை இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறை செய்யச் சோம்பல். இத்தனை வருடம் உன்மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மேகலா


சேலம்
22 பிப்ரவரி 2025

மேகலா,

கலைச்செல்விக்கு எத்தனை முறை மருந்து ஏற்றினார்கள், இப்போது எப்படி இருக்கிறாள் என்று எழுது. முதலில் அதை எழுது.

அன்றைக்கு நான் சொன்னது உண்மைதான். சொன்ன காரணம் உண்மையில்லை. உனக்கு முதல் வகுப்பு வரும், எனக்கு வராது என்று தெரிந்த வாரம் அது. எண்கள் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. நானும் ஒரு வசதியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் சாலட்டைக் கேவலமாக நினைக்காதே. இரண்டாவது டப்பாவை முழுதாகச் சோதித்தேன், யாரும் கேட்காமலே. மொச்சையால் புரதம் நன்றாக இருக்கிறது. நார்ச்சத்து அரிசிச் சோற்றைவிடப் பல மடங்கு. கேரட்டால் கண்ணுக்கு நல்லது. எலுமிச்சை பிழிவது, மொச்சையில் இருக்கும் கொஞ்சம் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். பசிக்குச் சாப்பிட மிக நல்ல சாப்பாடு. மருந்து இல்லை, அவ்வளவுதான். அந்தக் கறுப்புத் தூளும் உடம்பில் பெரிதாக ஒட்டாது. வந்த வழியே போய்விடும்.

இப்போது சங்கடமான விஷயம்.

என் மேசையில் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் பதினொன்று, மற்றதில் ஒன்று புள்ளி ஒன்று. நேற்று எங்கள் மேலாளர் கூப்பிட்டு, முதல் டப்பாவுக்குத்தான் முறையாகக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது, அந்த அறிக்கையை அனுப்பு என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த டப்பாவில் அத்தனை இரும்பு இருந்தது. நான் அளந்தேன். கையெழுத்துப் போட்டால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, உன்னையும் சொல்ல முடியாது. உன் ஆர்டர் வந்துவிடும். சுப்பம்மாளின் மகன் வந்துவிடுவான். பூணைக் கழற்றிவிட்டு இனிமேல் சுத்தமாகச் செய்து கொடுக்கலாம். விடுதியில் யார் வந்து மறுபடி சோதிக்கப் போகிறார்கள்?

எதை அனுப்பட்டும்? டப்பா உன்னுடையது. இருபத்தெட்டுக்குள் சொல்.

அருள்


செம்மேடு
25 பிப்ரவரி 2025

அருள்,

மூன்று முறை மருந்து ஏற்றினார்கள். கலை நேற்று வீடு திரும்பினாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு போட்டால் அவ்வளவு குமட்டாது, வயிறு இறுகினால் அதற்கும் மருந்து உண்டு என்று நர்சம்மா சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவளுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. படித்த நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சுப்பக்கா தினமும் எதிரில் உட்கார்ந்து, அவள் மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். "போலீஸ்காரங்ககூட இப்பிடிப் பாக்க மாட்டாங்கத்த" என்கிறாள் கலை. "போலீசு உட்டாலும் நா உட மாட்டேன்" என்கிறார் அவர்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை, நீ எனக்கு நல்லது செய்கிறாய் என்று தோன்றியது. இரண்டாம் முறை, என்னைச் சோதிக்கிறாய் என்று தோன்றியது. இவள் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்து எழுதுவாளா என்று பார்க்கிறாய். மூன்றாம் முறை, உனக்கே முதல் அறிக்கையில் கையெழுத்துப் போடத்தான் விருப்பம், பழியை என் தலையில் வைக்கிறாய் என்று தோன்றியது. நாலாவது முறை எதுவும் தோன்றவில்லை. இத்தனை நாள் எல்லாரையும் சந்தேகப்பட்டுப் பழகிவிட்டேன், அந்தப் பழக்கம் உன் எழுத்தின்மேலும் ஏறிக்கொண்டது. நீ எந்த எண்ணத்தில் எழுதியிருந்தாலும் கேள்வி என்னுடையதுதான்.

நேற்று அர்த்தனாரி போன் செய்தார்.

"மேடம், மொதல் ரிப்போர்ட்டே போதுங்க. அதுல தப்பு ஒண்ணுமில்லீங்களே."

இரண்டு அறிக்கைகள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? உன்னிடமிருந்தா, உன் மேலாளரிடமிருந்தா? கேட்கப் போவதில்லை. நான் அவரிடம் வேறு ஒன்று கேட்டேன்.

"ஏனுங்க, உங்க விடுதிக்கு இந்த இரும்பு நம்பர் மேல எதுக்கு இத்தன ஆச?"

"புள்ளைங்க பாதிப் பேத்துக்கு ரத்தம் கம்மிங்க. வாரவாரம் மாத்திர குடுக்கோணும். ஒண்ணும் ஒழுங்கா முழுங்காதுங்க, ஜன்னலுக்கு வெளிய வீசுதுங்க. உங்க டப்பா வந்துட்டா அந்தத் தொல்லைய நிறுத்திப்போடலாம்னு கமிட்டியில பேசியாச்சுங்க. ருசியா ஒண்ணத் தின்னாப்பலயும் ஆச்சு, ரத்தம் ஊறுனாப்பலயும் ஆச்சு."

அவர் கெட்டவர் இல்லை, அருள். சந்தோஷமாகப் பேசினார். பெண்களுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைக்கிறார். நானும் சந்தையில் அப்படித்தான் நினைத்தேன்.

நூற்றைம்பது பெண்கள். நான் இமையை இழுத்துப் பார்த்தது ஒருத்தியை மட்டும்தான்.

இரண்டாவது அறிக்கையை அனுப்பு. அந்த டப்பாவுக்குக் கட்டணம் கட்டவில்லை என்று உன் மேலாளர் சொன்னால், என் செலவு என்று சொல். அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். எண் குறைந்திருக்கிறதே என்று அர்த்தனாரி வேறு ஒரு டப்பாவைத் தேடிப் போவார். அதனால் விடுதிக் கமிட்டிக்கு நானே எழுதியிருக்கிறேன். உலக்கைப் பூண், பாடப் புத்தகம், கலையின் ரத்தம் ஏழு புள்ளி நான்கு வரை இறங்கியது, எதையும் விடவில்லை. இந்த சாலட்டுக்காக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம், எங்களுக்கு ஆர்டர் வேண்டாம் என்று முடித்திருக்கிறேன். வியாழக்கிழமை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். எல்லா நாட்டுப் பெண்களும் வருவார்கள். அங்கே எழுந்து நின்று, நான் சந்தையில் மைக்கில் சொன்னது தவறு என்று சொல்லப் போகிறேன். எத்தனை பேர் குழாயடியில் கொட்டியிருக்கிறார்களோ.

இதற்குப் பிறகு சந்தையில் எங்களிடம் யாரும் டப்பா வாங்குவார்களா என்று தெரியவில்லை.

சுப்பக்கா இன்று சமையல்கூடத்துக்கு வந்தார். கூப்பிடாமலே வந்தார். நேராகப் போய்க் காய் நறுக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்து, "உப்பு கம்மியாப் போடறீங்க, அதாம் ருசியில்ல" என்றார். இதை எழுதும்போது அடுத்த அறையில் கோகுலுடன் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அர்த்தனாரி அவரிடமும் பேசியிருப்பார் போல. ஆர்டர் முடிவான மாதிரிதான் என்று மகனிடம் சொல்கிறார். கம்பெனியில் சொல்லிவிட்டாயா என்கிறார். துணிமணியை மூட்டை கட்டி வை சாமி, ஞாயித்துக்கெழம பஸ் ஏறிரு என்கிறார். அவர் குரலில் இப்படி ஒரு துள்ளல் இருப்பது இத்தனை நாளில் எனக்குத் தெரியாது.

விடுதிக்கு எழுதிய கடிதம் ஒட்டி முடித்து இந்தத் தாளின் அடியில் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டையும் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். சுப்பக்காவுக்குத் தெரியாது. கலைக்குத் தெரியாது. நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மேகலா